வளர்கோடு

ஐந்து ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு வருடமாக இங்கே
எலும்பைப் படமெடுக்கிறேன்.
முன்பெல்லாம் வந்தவை
ஓமலூர் சாலையில் பைக்கோடு சரிந்த தோள்கள்,
உருக்காலையில் ஏதோ விழுந்த பாதங்கள்,
குளியலறையில் வழுக்கிய இடுப்புகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்,
பாதி பொய்.

இப்போது சனிக்கிழமை மாலையானால்
பையன்கள் வருகிறார்கள்.
ஒரே நீல ஜெர்சி, ஏறக்குறைய ஒரே வலி.
பத்து வயதுக்குக் குதிகால்.
பதிமூன்றுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு.
படத்தைப் பார்த்தே சொல்வேன் என்று
டாக்டரிடம் ஒருநாள் பந்தயம் கட்டினேன்:
இவன் வலது விங், இவன் கோல்கீப்பர், இவன் நடுவில்.
மூன்றில் இரண்டு சரி.
டீ அவர் செலவு.

இன்று தரணீஷ். இடது முழங்கால். லெஃப்ட் பேக்.
எப்போதிருந்து, என்றேன் காலைத் திருப்பி வைத்தபடி.
"ஒம்பது வயசுலருந்து."
சேர்க்கை நாளன்று இடதுகாலால் உதைத்தானாம்.
அவ்வளவுதான், எழுதிக்கொண்டார்கள்.
அதுக்கு முன்னாடி?
"முன்னாடி சும்மா ஓடுவேன்."
கோல் அடிச்சிருக்கியா?
கூரையைப் பார்த்து யோசித்தான்.
"அது என் வேலை இல்லீங்க்கா."

அசையாதே, என்றேன்.
சொல்லத் தேவையே இருக்கவில்லை.

போன மாதம் கோரிமேட்டில் ஒரு மேட்ச் பார்த்தேன்.
பொய் சொல்லக் கூடாது, அழகாக ஆடினார்கள்.
என் அண்ணன் ஆடிய காலத்தில்
இருபது பேர் ஒரு பந்தைத் துரத்திய கலவரம்தான் ஆட்டம்;
ஆறு வருடத்தில் அவன் யாருக்கும் பாஸ் கொடுத்ததாக
எனக்கு நினைவில்லை.
இவர்களோ பன்னிரண்டு வயதில்
எண்ணெய் விட்ட கீல்போலப் பந்தைத் திருப்புகிறார்கள்.
அப்போது எண் மூன்றுக்குப் பந்து வந்தது.
அவன் முன்னால் முப்பது கெஜம் செம்மண், ஆளே இல்லை.
நடுக்கோட்டில்
ரயில்வே கேட் விழுந்ததுபோல நின்றான்,
திரும்பினான்,
பின்னால் தட்டிவிட்டான்.
கோச் "வெரிகுட்" என்றார்.
சரியான முடிவுதான். நானும் கைதட்டினேன்.
அது இவனா, தெரியாது.
முகம் நினைவில்லை. அந்தக் காலி இடம் நினைவிருக்கிறது.

படம் திரையில் விழுந்தது.
முழங்காலுக்கு அடியில் குறுக்கே ஒரு கறுப்புக் கீற்று.
"ஒடஞ்சிருச்சுங்களா?" என்றார் அப்பா.
இல்லீங்க, அது வளர்கோடு.
எலும்பு அங்கே இன்னும் முடிவெடுக்கவில்லை.
கீழே அந்தப் புடைப்புதான் வலி; டாக்டர் சொல்வார்,
ஆறு வாரம் ஓடக் கூடாது என்பார்.

"ஃபீஸ் கட்டியாச்சுங்களே."

செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை அவருக்கு.
"பத்து வயசுல உக்காந்தனுங்க.
கண்ணிக்குப் பொடி வெச்சு ஊதறது மட்டும் நானு.
சலங்கை கோக்கறது ஒருத்தன், மெருகு ஒருத்தன்.
ஒரே வேலைன்னாத்தான் கை ஓடும்."
பெருமையாகத்தான் சொன்னார்.
சொல்லும்போதும் அவர் கழுத்து
வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது.
அதைப் படமெடுக்க
யாரும் சீட்டு எழுதித் தரவில்லை.

சன்னலுக்கு வெளியே
மழை மூட்டத்தில் சேர்வராயன் மலை,
சரியாக விழாத ஃபிலிம்போல மங்கி.

அவர் பில் கட்டப் போனார்.
பையன் காத்திருப்பு அறையில்
தண்ணீர் பாட்டில் மூடியொன்றை
வலது காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.
நொண்டி நொண்டி நாற்காலிகளுக்கு நடுவே போய்
இரண்டு கிழவர்களின் கால்களுக்கிடையே குறிபார்த்து
அடித்தான்.
அது எங்கோ கோணலாகப் பாய்ந்து
மீன்தொட்டிக்கு அடியில் மறைந்தது.
தன் காலையே குனிந்து பார்த்தான்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன காலைப் பார்ப்பதுபோல.

ஓடாதேன்னு சொன்னேனே, என்று கத்தப் போனேன்.
ஓடவில்லைதான்.

டோக்கன் நாற்பத்தொன்று.
நீல ஜெர்சி, வலது குதிகால்.
வயது?
பத்து, என்றாள் அம்மா.
ஸ்டிரைக்கர், என்றான் அவன்.