மூன்றாம் தரம்

மார்கழி கடைசி ஞாயிறு, விடியுமுன்
ஈட்டிக்கானலில் உறைபனியை ஏலம் விடுவார்கள்.
சிரிக்க வேண்டாம்.
முன்பணம் உண்டு: ஆளுக்கு ஒரு பல் பூண்டு.

மூன்று வருஷமாக நான்தான் வட்டிக்காரன்.
வெளியூர்க்காரன் கட்டவேண்டிய வேஷமாம்.
வத்தலக்குண்டிலிருந்து மாற்றலாகி வந்த
கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க்,
வேறு யார் பொருத்தம்?
கிழிந்த கறுப்புக் குடையைக் கையில் திணித்து
"மூஞ்சிய அப்படியே வச்சுக்கோங்க சார், போதும்"
என்றான் டீக்கடை பொம்முராசு.

கதை இதுதான், அல்லது கதைகளில் இது ஒன்று:
பெரியகுளத்திலிருந்து மட்டக்குதிரையில்
ஒருவர் ஏறி வந்தார்.
கழுதை என்பார்கள் மேலத்தெருவில்.
அவர் பேர் நிற்கவில்லை, குடை நின்றுவிட்டது.
விருமாயி வாங்கிய நாற்பது ரூபாய்க்கு
"வயலில் கிடப்பதெல்லாம் உமக்கு" என்று
கைநாட்டு வைத்திருந்தாள்.
முந்தின ராத்திரிப் பனியில்
பூண்டுத்தாள் வெந்த கீரையாய்ப் படுத்துவிட
வயலில் கிடந்தது வெள்ளை மட்டும்.

"எழுதுனது எழுதுனதுதான்.
அள்ளிக்கிட்டுப் போங்க."

கோபமோ நக்கலோ குளிரோ,
அவர் அதையே ஏலம் போட்டார்.
ஒரு தரம். யாரோ காலணா கேட்டார்கள்.
ரெண்டு தரம்.
மூன்றாவதுக்கு வாயைத் திறந்தபோது
கிழக்குச் சரிவில் வெயில் இறங்கிற்று.
ஏலப்பொருள் மண்ணுக்குள் போயிற்று.
அவர் வாயை மூடாமல் நின்றதற்காக
இந்த ஊர் இன்றும் ஒரு நாள்
மண்வெட்டி தொடுவதில்லை.

பழைய பதிவேடுகளில் தேடினேன்.
விருமாயி பேரில் ஒரு பட்டாவும் இல்லை.
அப்படி ஒருத்தி இருந்தாளா என்றால்
"வயலு இருக்குல்ல" என்கிறார்கள்.
இருக்கிறது. தரிசாக.

இந்த வருஷம் பனி விழவில்லை.
பூண்டு கணுக்காலைத் தாண்டிப் பச்சை.
எல்லோருக்கும் சந்தோஷம்,
ஏலத்துக்குத்தான் சரக்கில்லை.
கடைசியில் மன்னவனூருக்கு வந்த மீன் வண்டியில்
ஒரு பெட்டி ஐஸ் கடன் சொல்லி வாங்கி
தரிசில் பரப்பினோம்.
அயிலை வாசம்.
ஏலம் கேட்பவர்களுக்கு முன்னதாகவே
பூனைகள் வந்து உட்கார்ந்தன.

குடையை உயர்த்தி ஒரு தரம் என்றேன்.
ஏழு பல் கேட்டாள் தங்கப்பொண்ணு.
பதினொன்று, மாசிக்காளை.
என் தோள்பையில் இருவர் பேருக்கும்
நகைக்கடன் நோட்டீஸ்,
நாளைத் தேதி போட்டது.

ரெண்டு தரம்.

மீன் ஐஸ் பனி மாதிரி இல்லை.
வெயில் வந்தது, தரிசைக் கடந்தது,
கோயில் தகரத்தில் ஏறிக்கொண்டது.
ஐஸ் அப்படியே கிடந்தது.
மொத்த ஊரும் என் வாயைப் பார்த்தது.
அங்கே இதுவரை ஒருவரும்
மூன்றாம் தரம் சொன்னதில்லை.

சாருக்குத் தும்மல் வந்துவிட்டது என்று
இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.
மேலத்தெருவில் விக்கல் என்கிறார்களாம்.

ஒரு பூனை மட்டும்
கட்டி ஒன்றை நக்கிக்கொண்டே இருந்தது,
மத்தியானம் வரை.