எந்தக் கோணத்திலும்

மின்விசிறியை நிறுத்தினேன். யன்னலையும் சாத்தினேன்.
குருநகர்க் கடற்காற்றுக்கு
இந்த வேலையில் இடமில்லை.

கவிழ்த்த இரண்டு தேத்தண்ணிக் கிளாஸ்,
மேலே நிமிர்த்தி ஒட்டிய இரண்டு பிளேட்,
அவற்றின் விளிம்பில் ஊசி,
ஊசியில் கோத்த பத்து அங்குலப் பூவரசு.
விட்டதும் இடது இறகு
கடன்காரன் வாசலில் குந்துவதுபோல் இறங்கியது.

மண்கடதாசி. நாலு இழுப்பு. ஊதல். திரும்ப ஊசி.
மண்கடதாசி. இரண்டு இழுப்பு.
ஐந்தாம் தரம் வலது இறங்கியது.
கூடிப்போச்சு.

தங்கச்சியின் கியூட்டெக்ஸ், சிவப்பு.
இடது நுனியில் ஒரு பூச்சு. காயும்வரை
மூச்சையும் அளந்துதான் விட்டேன்.

மட்டமாக நின்றது. அதை நம்பக்கூடாது.
நெடுக்காய் நிமிர்த்தினேன், சாய்ந்தது: குடத்தில் பிழை.
துளையின் ஓரம் ஒரு சுரண்டல்.
இப்போது நெடுக்காய் விட்டால் நெடுக்காய்,
சரிவாய் விட்டால் சரிவாய்,
விட்ட இடத்திலேயே நிற்கிறது.

போன கிழமை இதைச் சீராக்காமல் ஓட்டினேன்.
எஞ்சின் மேசையை உலுக்கி உறுமியது.
மதிலுக்கு அப்பால் றெஜினாக்காவின் கத்தி
மீன்சட்டிக்குள் விழுந்தது.
அவ ஒன்றும் கேட்கவில்லை.
வானத்தை ஒருக்கால் பார்த்தா,
சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா.
மத்தியானம் முழுக்கக் கதவு திறக்கவில்லை.

இன்று கிணற்றடியில் முடுக்கினேன்.
ஒரே சீரான இரைச்சல்.
மேசையில் வைத்த தண்ணீர் தளம்பவில்லை.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்:
ஒட்டியைச் செதில் சுரண்டும் கை
நிற்கவேயில்லை.

நாளைக்குக் கச்சேரியில் கேட்பார்கள்,
பெருவிரலில் மட்டும் என்ன சிவப்பு என்று.