எழுத்துள்ள கல்

உறையில் திருவிதாங்கூர் என்று எழுதியிருந்தது.
அந்த ராஜ்ஜியம் ஒழிந்து எத்தனையோ வருஷம்.
திருவனந்தபுரம் போய், தக்கலைக்குத் திரும்பி,
மூன்று மையில் மூன்று பேர் அடித்துத் திருத்தி,
கூவைக்காட்டுவிளைக்கு வந்து சேர்ந்தபோது
ஒரு மழை நனைந்து காய்ந்திருந்தது.
'அவ்வூர்த் தபாலதிகாரிக்கு, அல்லது
பழைய சங்கதி தெரிந்த எவருக்கேனும்.'
முப்பத்தொரு வருஷம் இங்கே முத்திரை குத்தினேன்.
இரண்டும் நான்தான்.

இங்கிலாந்தில் ஆஷ்கோம் என்றொரு ஊர்.
வினிஃப்ரெட் எழுதியிருந்தாள்.
ஊர்க்கதையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம்.
ரொட்டிக்கடை மூடிய வருஷம்,
ரயில் நின்றுபோன மாசம்,
எந்தக் காற்றில் எந்த மரம் விழுந்து யாருடைய ஆடு செத்தது,
அவ்வளவும் கிடைத்துவிட்டது.
ஒரு வரி மட்டும் பாக்கி:
எங்கள் பாதிரியாரின் பேத்தி ஹன்னா,
பதினாலு மாசம், வாந்திபேதி,
உங்கள் ஊரில் அடக்கம்.
கல் இருக்கிறதா?

இருக்கிறது.

சானல் துறையில், நாலாம் படிக்குக் கீழே,
பாதி வெள்ளத்தில், பாதி வெயிலில்.
அதில்தான் அம்மா என் பாவாடையை அடித்துத் துவைத்தாள்.
அதில்தான் ரோஸ்லெட் சாளைக்குச் செதிள் எடுப்பாள்.
பேறு பார்த்த வீட்டுத் துணியெல்லாம்
விடியுமுன் வந்து சிவப்பு விட்டுப் போனது அதில்தான்.
முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்
ஒற்றைக் கம்பி ஏணி என்று நினைத்திருந்தேன்.
ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் வந்தது.
இக்கரையில் நின்று கூட்டினேன், ஹன்னா.
கடைசியிலிருந்து கூட்டினேன், அப்போதும் ஹன்னா.
எப்படிப் போனாலும்
அந்தப் பெயர் தப்பிக்க வழியில்லை.

சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரில்
'கல்லறைத் தோட்டம் பெருவெள்ளத்தில் அழிந்தது'
என்று ஒரு வரி உண்டு. எழுதியது நான்.
'எக்கா, அதையே இவங்களுக்கும் எழுதிடுங்க'
என்கிறார் செயலாளர் ஜெபசிங்.
எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம்,
கொண்டுபோவதும் வெள்ளம்;
எந்தப் பழியையும் அதன் தலையில் ஏற்றலாம்.

வெள்ளம் சாய்த்தது சுற்றுச்சுவரை மட்டும்.
படி கட்டக் கல் போதாமல்
கண்ட்ராக்டர் கைகாட்டினார்.
தாசையன், வேலப்பன், மீரான் பிள்ளை,
நாலாவது தோள் என் அப்பாவுடையது.
ஆளுக்கு ஒண்ணேகால் ரூபாய்.
அதில் மரச்சீனியும் ஒரு கறுப்புக் குடையும் வாங்கினார்.
என் கல்யாணம் வரைக்கும் இருந்தது அந்தக் குடை.

எழுத்தை ஏன் மேலே பார்க்க வைத்தீர்கள்
என்று ஒரு நாள் கேட்டேன்.
'வழுக்காது பிள்ளே.'
பீடியைத் தட்டிவிட்டு
பசுவை அவிழ்க்கப் போய்விட்டார்.

நேற்று துறைக்குப் போய்
தேங்காய்ச் சவுரியால் பாசியைத் தேய்த்து எடுத்தேன்.
தாளை விரித்து, கரியால் உரசினேன்.
ஓர் ஏணி வந்தது.
பக்கத்தில் ஏதோ வளைவு, பூவோ சிறகோ.
பதினாலு தெளிவாக வந்தது.
மாசம் தேய்ந்துவிட்டது.

பதிலில் இதையெல்லாம் எழுதினேன்.
அப்பா பெயரையும் கூலியையும் எழுதினேன்.
குடையை எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன்.
மன்னிப்பு என்ற சொல்லுக்கு
என் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை இருந்தது.
எது பெரியது என்று தெரியாமல்
இரண்டையும் விட்டுவிட்டேன்.
எலும்பு இன்னும் அயினி மரத்து மூட்டில்தான் இருக்கிறது,
அதை யாரும் தொடவில்லை என்று முடித்தேன்.
தெரிந்துதான் எழுதினேனா என்று கேட்காதீர்கள்.

நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பையன்
எடை போட்டான். முப்பத்திரண்டு கிராம்.
'உள்ளே என்ன டீச்சர்?'
எல்லாரையும் டீச்சர் என்பான் அவன்.
'கல்' என்றேன். சிரித்தான்.

திரும்பி வரும்போது
துறையில் செலின், முட்டளவு வெள்ளத்தில்,
மகனின் யூனிபாரத்தை ஓங்கியபடி:
'எக்கா, தள்ளி நில்லுங்க, தெறிக்கும்.'
தள்ளி நிற்கவில்லை.
தெறித்தது.