பொய்க்கால்

ஐஸ்கிரீம் கப்பில் கொண்டுவருவார்கள்,
மருந்து பாட்டில் மூடியில்,
ஒருமுறை கல்யாணத் தாம்பூலப் பைக்குள் வைத்து.
கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில்
பதினோரு வருசமாக மலம் பார்க்கிறேன்.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
"லேப்பு" என்றதோடு நிறுத்திக்கொண்டாள் அம்மா.

ஜூன் மாதம். காற்றிலேயே மாங்கூழ்.
காவேரிப்பட்டினம் பக்கத்து ஆலையிலிருந்து
இரண்டு பேர் வந்தார்கள், ஒரே முகம்.
திம்மராசு ஏழு நிமிசம் மூத்தவன்.
ஒரே அறை, ஒரே குடம்,
சட்டைகூட மாற்றி மாற்றிப் போடுவார்களாம்.
மூத்தவன் வலது விலாவைப் பிடித்தபடி
வளைந்து நின்றான்.
கோவிந்தராசு துணைக்கு வந்தவன்.
"வந்ததே வந்தீங்க, நீங்களும் ஒரு கப் குடுங்க" என்றேன்.
சிரித்தான். கொடுத்தான்.

சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும்.
ஆறினால் அது நின்றுவிடும்.
நின்றுவிட்டால்
குப்பைக்கும் அதற்கும் பேதம் சொல்ல முடியாது.
ஒரு சொட்டு உப்புநீர், மேலே கண்ணாடிச் சில்லு.
அண்ணனுடையது விழித்திருந்தது:
விளிம்பில் ஓரிடம் பிதுங்குகிறது,
பிறகு உடம்பு முழுக்க அதற்குள் வழிகிறது.
பொய்க்கால் என்று படித்திருக்கிறேன்.
திருவிழாவில் பொய்க்கால் கட்டியவன்
குதிரையாக ஆடுவான்.
இது எதுவாகவும் ஆடவில்லை.
போகிறது, அவ்வளவுதான்.

தம்பியுடையதில் அயோடின் விட்டேன்.
உருண்டு, ஓடு கட்டி, நான்கு உட்கருவோடு
தூங்கிக்கொண்டிருந்தது.
அதுதான் இது என்று சொல்ல
என் லென்சுக்கு வக்கில்லை.
ஒரு பாவமும் அறியாத இனம் ஒன்று உண்டு,
அதற்கும் அச்சு அசல் இதே முகம்.

ஸ்கேன் அறையில் டாக்டர் சந்திரவதனா
ஊசியைப் பின்னுக்கு இழுத்தபோது
கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஏறியது.
கல்லீரலுக்குள் மாங்கொட்டை அளவு குழி.
திம்மராசு கூரையையே பார்த்திருந்தான்.

இரண்டு கப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து
வேலூருக்கு அனுப்பினோம்.
ஐந்து வாரம். நான் மறந்தே போனேன்.
போனில் ஒரு ஆராய்ச்சி மாணவன், இலியாஸ்,
காலையிலிருந்து சாப்பிடாத குரல்:
"மேடம், ரெண்டுமே ஆபத்தான இனம்தான்.
குடல் சுவத்துல தொத்துற கொக்கி,
செல்லுல ஓட்டை போடுற புரதம்,
கரைக்கிற நொதி,
எல்லாத்துக்கும் மரபணு ரெண்டுலயும் இருக்கு.
ஒண்ணு அதைச் சத்தமா வாசிக்குது,
இன்னொண்ணு வாயைத் திறக்காம வெச்சிருக்கு.
அப்படித்தான் இருக்கணும் மேடம்.
ஆளோட ஜீன் வேற இல்லையே, ரெட்டைப் பிள்ளைங்க.
ஆனா எப்போ, ஏன் வாயைத் திறக்கும்னு
இன்னும் சரியாத் தெரியல."

நான் எழுதும் படிவத்தில் அதற்கு இடமில்லை.
காணப்பட்டது. காணப்படவில்லை.
இரண்டு கட்டம்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

கோவிந்தராசுவைக் கூப்பிட்டு
பத்து நாள் மாத்திரை என்றோம்.
"எனக்கென்ன? நான் நல்லாத்தான இருக்கேன்."
நல்லா இருக்கிறவன் கையில்தான்
ஓடு கட்டியது ஊர் போகும் என்று
சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டினேன்.
படத்தில் ஒரு குழாய், ஒரு சோப்பு, ஒரு ஈ.
வெகுநேரம் ஈயையே பார்த்தான்.
"எங்கிட்ட இருந்துதான் அண்ணனுக்குப் போச்சா மேடம்?
எங்கிட்ட இருக்கறப்ப சும்மா இருந்துச்சா?"

தண்ணீர் என்றேன்.
ஆலைத் தொட்டி என்றேன், மழைக்காலம் என்றேன்,
அப்புறம் குழாய் உடைப்பு.
ஒரு சொல் பிதுங்கும், அதற்குள் நான் வழிந்து
அடுத்த சொல்லுக்கு நகர்ந்தேன்.
அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஸ்லைடை பிளீச்சிங் தண்ணீரில் போட்டுவிட்டு
நிமிர்ந்தபோது கிளம்பியிருந்தான்.
ஜன்னல் வழியே தெரிந்தது,
போட்டிருப்பது அண்ணன் சட்டை.
வலது விலாப் பக்கம் மட்டும்
பிடித்துப் பிடித்துக் கசங்கியிருந்தது.