லாங் ஷாட்டில் தெரிபவன்

வால்டோஸ்டாவுக்கு வெளியே
வேர்க்கடலை வயலுக்கு நடுவே திறந்தவெளித் திரையரங்கம்.
முந்நூறு கார் நிற்கலாம்.
இன்று முதல் வாரம், வெள்ளிக்கிழமை,
எண்ணிப் பார்த்தேன்: பதினாலு,
எங்கள் பிக்கப்பையும் சேர்த்து.

ட்வைலா சன்னல் கண்ணாடியில் ஒலிபெருக்கியை மாட்டுகிறாள்.
"இந்தத் தடவையாவது உன் பேர் வருமா?"
வரும். கடைசியில்,
எல்லாரும் என்ஜினைக் கிளப்பிய பிறகு.

முதல் பாகத்தில் வேட் கல்பெப்பர் இருந்தார்.
ஷெரிப்பின் தொப்பியைக் கழற்றி, அதில் மூக்கைச் சிந்தி,
அந்தத் தலையிலேயே திரும்பக் கவிழ்த்துச் சிரிப்பாரே,
அந்தச் சிரிப்புக்கென்றே மூன்று முறை டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு.
இந்த முறை கேட்ட பணம் தரவில்லை என்கிறார்கள்.
முதுகுவலி என்கிறார்கள்.
கதையைப் படித்துவிட்டார் என்பது என் ஊகம்.

ஆகவே அவருக்கு ஒரு தம்பியைப் பிறப்பித்தார்கள்.
நல்ல பையன், சோப்பு விளம்பரத்திலிருந்து வந்தவன்,
கியர் மாற்றத் தெரியாது.
ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும்
சிரிப்புக்கு இடம் விட்டு நிற்கிறான்.
அந்த இடத்தில் இப்போது தவளைகள் கத்துகின்றன.

போலீஸ் கார்கள் கோழிப்பண்ணைக்குள் புகுகின்றன.
போன தடவையும் புகுந்தன.
இந்தத் தடவை கோழி அதிகம்.

பிறகு அந்த ஆறு, அந்த இடிந்த பாலம்.
மஞ்சள் கார் விளிம்பை விட்டு எழும்புகிறது.
முன்வரிசையில் ஒரு பையன்
பானெட் மேல் ஏறி நின்று கத்துகிறான்:
"இது அவன் இல்லடா! பாத்தாலே தெரியுது!
வேட் தாவினா இப்படியா இருக்கும்?"
நாலைந்து ஹார்ன்கள் ஆமோதிக்கின்றன.

தம்பி,
அந்த முதல் தாவலின்போது
வேட் கல்பெப்பர் ஏ.சி. வண்டிக்குள்
பீச் பழம் தின்றுகொண்டிருந்தார்.
நல்ல மனிதர், எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார்.
ஸ்டியரிங்கில் இருந்தவை இந்தக் கைகள்.
இறங்கியபோது நொறுங்கியவை
இந்த முதுகின் இரண்டு எலும்புகள்.
உன் அறைச் சுவரில் நீ ஒட்டியிருக்கும் படத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாய்த் தெரிவது
என் காது.
இன்றைக்கு நீ திட்டும் தாவல்
அதைவிட ஆறடி நீளம். டேப் வைத்து அளந்தார்கள்.

இதைப் போய்ச் சொல்லலாம் என்று
கதவுப் பிடியில் கை வைத்தேன்கூட.

திரையில் கார் இன்னும் அந்தரத்தில் இருந்தது.
நானும் பார்த்தேன்.
ட்வைலாவிடம் சொல்லவும் வெட்கம்:
பையன் சொன்னது சரி.

முதல் தடவை, கீழே விழுமுன்,
அந்த ஒரு மூச்சு நேரம்
நான் அவராக இருந்தேன்.
யாருக்கும் முகம் தெரியாத தூரத்தில்
பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.
இந்தத் தடவை யாராக இருப்பது என்று
ஒருவரும் சொல்லவில்லை.
கட்டாத இன்சூரன்ஸ் தவணையை நினைத்தபடி
ஒரு ஆள் ஆற்றைத் தாண்டினான்.
முந்நூறு அடி தள்ளி வைத்த கேமராவிலும்
அது விழுந்திருக்கிறது.

பேர் ஓடியபோது பத்து கார் போய்விட்டது.
டெல்மர் க்ரிஸ்ப், ஒரு எழுத்துப் பிழையோடு.
ட்வைலா மட்டும் கை தட்டினாள்.

ஹார்னடித்தே பேட்டரியைத் தீர்த்திருந்தான் பையன்.
கேபிளோடு இறங்கிப் போய்
அவன் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தேன்.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்,
"உங்களுக்குப் படம் எப்படி சார்?"

"கோழி ஜாஸ்தி" என்றேன்.