ஹோர்ன் எடைக்கூடம், 1653

பாலாடைக்கட்டிக்கும் சணலுக்கும் ஆன தராசு இது.
போருக்கு ஆனதல்ல.
ஆனால் குளிர்காலம்; துறைமுகத்துக்குக் கப்பல் வந்து மாதம் மூன்றாகிறது;
தட்டுகள் சும்மா தொங்குகின்றன.
பியர் வாடையோடு உள்ளே வருகிறவன் எல்லாம்
ஒரு காரணத்தை வைத்துவிட்டுப் போகிறான்.

கொடியை இறக்கி வணங்கவில்லை நம் கப்பல்,
அதனால்தான் என்கிறான் கயிறு திரிக்கும் எவெர்ட்.
நாலு முழத் துணி.
நனைந்தாலும் ஆறு பவுண்டைத் தாண்டாது.

லண்டனில் ஒரு சட்டமாம்,
எங்கள் கப்பல் அவர்கள் சரக்கைச் சுமக்கக்கூடாதென்று.
கணக்கன் லுபெர்ட் வாசித்துக் காட்டினான்.
அரக்கு முத்திரையோடு சேர்த்து நாலு அவுன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் காரணம் என்றார் போதகர்.
பாவத்துக்கு என்னிடம் படிக்கல் இல்லை ஐயா.

ஹெர்ரிங் பீப்பாய் ஒன்றை உருட்டி வந்தார்கள் மீனவர்கள்:
"பத்துக்கு ஒன்று கேட்கிறான், எங்கள் வலையில்!"
தட்டு சட்டென்று இறங்கியது.
சந்தோஷப்பட்டார்கள்.
மரத்தைக் கழி, உப்பைக் கழி,
குடித்ததையும் கழி என்றேன்.
அடிக்க வந்தார்கள்.

கிழக்கே ஏதோ கிராம்புத் தீவில்
நம்மவர் அவர்களில் சிலரின் தலையை வெட்டிய கதை.
முப்பது வருஷப் பழையது.
பழைய சரக்கு உலர்ந்து எடை குறையும், அதுதான் வழக்கம்.
இது ஏறியிருக்கிறது.
அந்தத் தீவிலேயே பிறந்தவர்களை மட்டும்
இதுவரை யாரும்
எடைபோடக் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை நான்தான் வைக்கவேண்டும்.
மிளகுக் கப்பலொன்றில்
முப்பத்திரண்டில் ஒரு பங்கு எனக்கு.
முதல் பீரங்கிச் சேதி வந்த அன்று
கிடங்கிலிருந்த மிளகு ஒன்றரை மடங்கு விலைபோனது.
மெழுகுவர்த்தி ஒன்று கூடுதலாக ஏற்றிச் சாப்பிட்டோம்.
நன்றாகத் தூங்கினேன்.

தட்டில் அதை எப்படி வைப்பது?
கையை வைத்துப் பார்த்தேன், வெறும் கையை.
தராசின் நாக்கு
கொஞ்சம்
சாய்ந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம்,
கதவு சரியாகச் சாத்துவதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஹில்லெகொந்த்.
புருஷனின் கடற்பெட்டி, பூட்டு உடைந்தது,
கப்பல்காரர்கள் கொண்டுவந்து போட்டது.
பழைய சாமான்காரன் எடை கேட்கிறானாம்.

கம்பளிச் சட்டை இரண்டு, ஒரு கரண்டி,
ஒற்றை மரச்செருப்பு.
பெட்டியோடு நாற்பத்தொரு பவுண்டு.
"காலிப்பெட்டி எவ்வளவு இருக்கும்?" என்றாள்.
முப்பத்தைந்து என்றேன்.
தலையாட்டினாள், ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோல.

நகரத்து விதி: தராசில் ஏறியது எதுவானாலும்
கட்டணம் உண்டு.
ஒரு ஸ்டைவர் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.