அரைக் கரண்டி

தப்பு என்னுடையதுதான்.
சனிக்கிழமை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது பத்தொன்பது பத்தொன்பது என்று அச்சடித்த பொட்டலத்தில்
அரைக் கரண்டி அள்ளி ஒரு சொம்பில் கரைத்து
ஜன்னல் கம்பிக்கூண்டின் ஓரத்தில் நிற்கும் இச்சிக்கு ஊற்றினேன்.
காய்ந்த மண். மடமடவென்று குடித்தது.
நல்லது செய்த நிம்மதியில்
இட்லிக்கு அரைக்கப் போனேன்.

அது எங்கள் கட்டடத்து மழைக்குழாய்க்குப் பின்னால்
காக்கை போட்ட விதை.
சொசைட்டி பூச்சுவேலைக்காரர்கள் சுரண்டி எறிந்ததை
சேர்மராஜ் நாலு மாடி இறங்கி ஓடிப் பொறுக்கி வந்தான்.
மூன்று வருஷம் பெயின்ட் டப்பாவில் இருந்தது.
இந்த ஜூனில், வேலை போன எட்டாம் நாள்,
வேரில் பாதியை வெட்டி
ஒரு சாண் தட்டில் உட்காரவைத்துக் கம்பியால் கட்டினான்.

மற்ற மூன்றும் நன்றாகத் தின்னும்.
கடலைப் புண்ணாக்கு மூன்று நாள் ஊறும், நாறும்.
மேல்வீட்டு காய்க்வாட் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு
என்ன செத்துப்போச்சு என்று மராட்டியில் கேட்பாள்.
அதைத் தெளியவைத்து, வெளிறிய டீயின் நிறத்துக்குக் கலக்கி,
முதலில் வெறும் தண்ணீர், மண் நனைந்த பிறகுதான் அது,
பதினைந்து நாளுக்கு ஒருமுறை.
இச்சிக்கு மட்டும் ஒன்றுமில்லை.
எனக்கு அது ஓரவஞ்சனையாகப் பட்டது.

புதன்கிழமைக்குள் இலை ஓரமெல்லாம்
கல்லில் மறந்த தோசை.
மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
தட்டைத் தூக்கிப் போய்க் குளியலறைக் குழாயடியில் வைத்தான்.
திறந்தான், வடியவிட்டான், திறந்தான்,
திலக் நகரில் மூன்று ரயில் நின்று கிளம்பும்வரை.

"வெட்டின வேருக்கு வாய் கிடையாது," என்றான் குழாயிடம்.
"நுனி புதுசா வரணும். அதுவரைக்கும் உரம்னா வெறும் உப்பு.
உள்ள இருக்கிற தண்ணியையும் வெளிய இழுத்துரும்."
எத்தனை நாள்?
"ஆறு வாரம். எட்டும் ஆகலாம்.
தளிர் வந்து, இலையாகி, முத்தட்டும்."
அப்புறம்?
"அப்புறம் கால் பங்கு.
பொட்டலத்தில போட்டிருக்கிற அளவு தோட்டத்துக்கு."

அந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அது.

கைபேசி அதிர்ந்தது.
மணிவாசகம் அண்ணன் இன்னொரு வேலை விளம்பரம் அனுப்பியிருந்தான்:
வாஷியில் கிடங்கு மேற்பார்வை.
தினம் காலை காபியோடு ஒன்றை
அவன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன்.
காபி ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும்.
கைபேசியைக் கவிழ்த்துவைத்தேன்.

தட்டை வெயில் விழாத மூலைக்கு நகர்த்தினோம்.
மண்ணில் ஒரு தீக்குச்சி குத்தி,
ஈரமாக வந்தால் தண்ணீர் இல்லை, காய்ந்து வந்தால் உண்டு.
பதினோரு இலை உதிர்ந்தது; எண்ணினேன்.
ஜூலையில் சாய்ந்தடித்த மழை தட்டையும் அலசியது,
காயப்போட்ட போர்வையையும்.
ஒருநாள் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிக் காட்டினான்.
உள்ளே பச்சை.
எனக்குக் கை துறுதுறுத்தது.
பொட்டலத்தைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், கிளைநுனியில்
சிவப்பாய், ஊசிமுனை அளவுக்கு ஒன்று.
அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான்,
கழற்றிவிட்டும் பார்த்தான்.
"இன்னும் வேண்டாம்," என்றான், நான் கேட்காமலே.

காபியைச் சூடாகவே குடித்து முடித்து,
"உங்க அண்ணன் ஏதோ அனுப்பினான்னியே?" என்றான்.
பதினேழு வந்திருந்தன.
ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
ஒன்றை மட்டும் திறந்து காட்டினேன்.